கழற்ற வேண்டாத பெல்ட்

ஆறுமுகச்சாமி தண்ணீர் குடிப்பதை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. அடியோடு நிறுத்தவில்லை, மாத்திரைக்கு ஒரு மடக்கு, கஞ்சி இறங்க ஒரு மடக்கு. அதற்கு மேல் டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். இளையரசனேந்தல் பக்கம் பத்துக் குறுக்கம் கரிசல் காட்டை ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்ட மனிதர், எழுபத்திரண்டு வயதில் ஒரு டம்ளர் தண்ணீரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

ஆடிக் கடைசியில் வாதம் அடித்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறித்தான் வரும். மகன் இசக்கிராஜா அவரையும் அம்மாவையும் சங்கரன்கோவிலில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, உள்ளறையில் கட்டில் போட்டான். முன்னறையில் அவன் பெண்டாட்டி பிரேமலதாவின் இரண்டு தையல் மெஷின்கள். நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரைதான் அந்த வீட்டின் சட்டம். மருமகள் மாமனாருக்குச் சோறு கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், காலைப் பிடித்துவிடக்கூடச் செய்யலாம். டயப்பர் மாற்றுகிற நேரம் வந்தால் திரை விழுந்துவிடும். அதற்கு உள்ளே போகிற உரிமை மாமியார் முத்துமாரியம்மாளுக்கு மட்டும்தான். அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. கட்டின புருசனையே வேட்டியை விலக்கிப் பார்க்க மாட்டாள். வேட்டிக்குள் கையை விட்டுத் தடவித் தடவித்தான் பழசை உருவிப் புதுசை மாட்டுவாள். இரண்டு கண்ணிலும் புரை வேறு. பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான் என்பாள்.

“ஏட்டி லதா, இன்னைக்கும் போச்சு” என்றாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

பிரேமலதா மெஷினை நிறுத்தினாள். “எந்தப் பக்கம் அத்த?”

“தொடப் பக்கந்தான். ரெண்டு பக்கமும் ஊத்தி, போர்வ பூராம் நனஞ்சு கெடக்கு.”

“ஒட்டு நிக்கா?”

“எங்கன நிக்கி? இந்தப் பக்கம் ஒட்டுனா அந்தப் பக்கம் பிச்சுக்கிட்டு வருது. பிச்ச ஒட்டு மறுபடி ஒட்ட மாட்டேங்கு.”

“எண்ண தேச்சியளா?”

“தேய்க்காம? தோலு காஞ்சு வெடிச்சிரும்லா.”

“எண்ணக் கையோட தொட்டா அந்தப் பச பிடிக்காது அத்த. எத்தன மட்டம் சொல்லுதேன். முன்னால வழுவழுன்னு ஒரு பட்ட இருக்கும், அதுல மட்டுந்தான் ஒட்டும். கீழ்ஒட்ட மேப்பாக்க இழுத்து ஒட்டுங்க, மேல்ஒட்ட கீழ்ப்பாக்க ஒட்டுங்க. அப்பந்தான் தொடையக் கவ்விப் பிடிக்கும்.”

“நீ அங்கன இருந்துக்கிட்டு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்க. எனக்கு எல்லாம் ஒரே வழுவழுதான்” என்றாள் மாமியார்.

ஐப்பசி அடைமழை. துவைத்த போர்வைகள் நடைக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கின. மூன்றாம் நாளும் காயாமல் புளித்த வாடை அடித்தது. மெஷினில் உட்கார்ந்தால் ஈரவேட்டி தலையில் இடிக்கும். அதையெல்லாம் பிரேமலதா பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது அந்தத் தண்ணீர் குடிக்காத பிடிவாதம்தான். வாரம் ஒருமுறை சுகர் பார்க்க வரும் நர்ஸ் சுபலட்சுமி இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவள் மூத்திரம் போகிற நிறத்தைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இப்பிடியே போச்சுன்னா கிட்னிதான் மொதல்ல காலியாவும். எப்பிடியாவது குடிக்க வைங்க.”

“ஏன் மாமா குடிக்க மாட்டேங்கிய?” என்று பிரேமலதா அன்றைக்குக் கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

அவர் கொடியில் தொங்கிய போர்வைகளை ஒருமுறை பார்த்தார். “குடிச்சா… போவும்” என்றார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே அவள் ஒரு புது டயப்பரை எடுத்து, நைட்டி வெட்டுகிற மேசையில் விரித்துப்போட்டு இஞ்ச் டேப்பால் அளந்தாள். அளக்க அளக்க எரிச்சல் வந்தது. இடுப்புக்குச் சரியாக இருந்தது. தொடை வளைவில், மாமாவின் கால் போல இரண்டு கால் போகும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே வெட்டு. உட்கார்ந்தால் பின்னால் கூடுதல் துணி வேண்டும் என்பது பாவாடைக்கு நாடா கோக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். நின்ற ஆளுக்கு வெட்டினதைப் படுத்த ஆளுக்கு விற்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள்.

அந்தக் கோபத்தோடேயே குடையை விரித்துக்கொண்டு பெத்துராஜின் மருந்துக்கடைக்குப் போனாள்.

“சின்ன சைசு இல்லையா அண்ணாச்சி?”

“இதுக்குக் கீழ பெரியாளுக்கு வராதும்மா. அளவுதான் பாக்கெட்டுலயே போட்டிருக்கே.”

“இடுப்பளவு போட்டிருக்கு. தொட அளவு எங்கன போட்டிருக்கு?”

பெத்துராஜ் சிரித்தார். “தொட அளவெல்லாம் யாரும்மா கேக்கா?”

“கெடக்கிறவுக கேக்க மாட்டாவ. அவுகளுக்காவ நான் கேக்கேன்.”

“ஜட்டி மாதிரி மாட்டுதது ஒண்ணு இருக்கு. அதத் தரட்டா?”

“அத மாட்ட ரெண்டு காலையும் தூக்கணும். எங்க அத்தையால ஒரு காலத் தூக்க முடியல” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். வருகிற வழியிலேயே மனசுக்குள் வெட்டத் தொடங்கிவிட்டாள்.

பெல்ட் என்றுதான் அதற்குப் பெயர் வைத்தாள். இரண்டு இஞ்ச் அகல எலாஸ்டிக், உள்பக்கம் மெத்தென்று காட்டன் துணி, முன்னால் மூடித் திறக்க ஐந்து ஜாக்கெட் கொக்கி. அதிலிருந்து முன்னால் நாலும் பின்னால் நாலுமாகச் சின்ன வார்கள் தொங்கும். ஒவ்வொரு வாரின் நுனியிலும் பிரஸ் பட்டன். டயப்பரின் மேல் விளிம்பை வாருக்குள் கொடுத்து ‘டக்’ என்று அமுக்கினால் கவ்விக்கொள்ளும். தொடைக்குத் தனியே இரண்டு மெல்லிய எலாஸ்டிக். பசையை நம்ப வேண்டியதே இல்லை.

அளவுதான் பிரச்சினை. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள்; உடம்பைத் தொட்டு அளக்கிற வேலையே கிடையாது. மாமாவுக்கு எந்த அளவு ஜாக்கெட்டைக் கேட்பது? ஒரு நூலைத் திரைக்குள் நீட்டினாள்.

“அத்த, இடுப்பச் சுத்தி அளந்து முடிச்சுப் போட்டுத் தாங்க.”

படுத்துக்கிடந்தவரின் இடுப்பை மாமியார் வேட்டிக்குள்ளேயே தடவி அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். இருபத்தெட்டரை. பிரேமலதா இருபத்தாறு வெட்டினாள். எலாஸ்டிக் என்றால் இரண்டு இஞ்சாவது குறைத்து வெட்டுவதுதான் தையல்காரப் புத்தி. இல்லாவிட்டால் நாலு நாளில் தொளதொளத்துவிடும். பதினெட்டு வருசமாக அப்படித்தான் வெட்டுகிறாள், ஒருத்தியும் குறை சொன்னதில்லை.

“இத எப்பக் கழத்த?” என்று மாமியார் கேட்டாள்.

“கழத்தவே வேண்டாம் அத்த. பெல்ட்டு அது பாட்டுக்குக் கெடக்கும். நீங்க பட்டன மட்டும் எடுத்துட்டுப் பழச உருவி புதுச மாட்டுங்க. அதுதான இதுல விசேசமே.”

முதல் நாள் ராத்திரி போர்வை நனையவில்லை. மறுநாளும் நனையவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆறுமுகச்சாமி தானாக இடக்கையை நீட்டி டம்ளரைக் காட்டினார். முழு டம்ளரையும் குடித்தார். பிரேமலதாவுக்குத் தலைகால் புரியவில்லை. உளுந்தங்களி கிண்டி நடுவில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு நாளைக்கு மூன்று வேளை தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். காட்டில் மக்காச்சோளத்துக்குக் களையெடுத்துவிட்டு வந்த இசக்கிராஜா, காய்ந்த போர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“ஏ, நீ பெரிய ஆளுதான். கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“கம்பெனிக்காரன் என்ன, போர்வையா அலசுதான்?” என்றாள். சொல்லும்போதே முகமெல்லாம் பல்.

உட்காரவைக்கும்போது மட்டும் மாமா முகத்தைச் சுளிப்பார். படுத்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ராத்திரி லேசாக அனத்துகிற சத்தம் கேட்கும். கிடக்கிற உடம்பு, அனத்தத்தான் செய்யும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக அறையில் ஒரு வாடை கூடியிருந்தது. மழைக்கு எல்லாந்தான் வாடை அடிக்குது என்று அவளே இன்னும் கொஞ்சம் பவுடரைக் கொட்டினாள்.

பெல்ட் கட்டிய பதினோராம் நாள் விடியக்காலையில் சிவகிரியிலிருந்து போன் வந்தது. முத்துமாரியம்மாளின் அண்ணன் இறந்துபோனார். தாய்மாமன் காரியம், இசக்கிராஜாவும் போகாமல் தீராது.

“மாத்திட்டுத்தான் போறேன். நான் வாரது வரைக்கும் ஒண்ணும் செய்யாண்டாம்” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே மாமியார் மகனோடு பஸ் ஏறினாள்.

மத்தியானம் ரசஞ்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. வயிறு போயிருந்தது. சாயங்காலம் வரை அப்படியே போட்டுவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வெந்நீர் போட்டாள். பழைய துணிகளைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். கட்டிலருகே வந்ததும் மாமாவின் இடக்கை வேட்டி முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“கைய எடுங்க மாமா.”

தலையை ஆட்டினார்.

“அத்த வர நாலு மணி ஆவும். நானும் கண்ண மூடிக்கிட்டுச் செய்ய மாட்டேன், சொல்லிட்டேன். கண்ணத் தொறந்துதான் செய்வேன். எனக்குப் பாக்காம ஒரு வேலையும் வராது.”

கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கையை எடுத்தார். எடுத்த கையைத் தன் கண்ணின் மேல் வைத்துக்கொண்டார்.

துடைத்துச் சுத்தம் செய்து முடித்தபோது பெல்ட்டும் அசிங்கமாகியிருந்தது. அலசிப்போடலாம் என்று கொக்கிகளைக் கழற்றினாள். ஐந்தும் கழன்றன. முன்பக்கம் பிரிந்து வந்தது. இடப்பக்கம் வரவில்லை. துணி எதிலோ ஒட்டிக்கொண்டு நின்றது. வெந்நீரை நனைத்து நனைத்து, மெதுவாக உரித்தாள்.

இடுப்பெலும்புக்கு மேலே கறுப்பு அரைஞாண்கயிறு. அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தின் இரண்டு முனைகள் மட்டும் தெரிந்தன. நடுப்பகுதியைக் காணோம். அது சதைக்குள் இறங்கியிருந்தது. சதை இரண்டு பக்கமும் மேலே எழும்பி நின்றது. சுற்றிலும் நாவற்பழ நிறம். உள்ளேயிருந்து கெட்டியாக ஏதோ வழிந்தது. அதைச் சுற்றி இடுப்பு முழுக்க, எலாஸ்டிக் நிற்பதற்காக அவள் நாலு வரிசையாக ஓட்டிய தையல், ஒரு பல் தவறாமல் அவர் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது.

பிரேமலதா பெல்ட்டைக் கீழே போட்டாள். பிறகு மழையென்றும் பாராமல் தலைவிரிகோலமாகத் தெருவில் ஓடினாள்.

சுபலட்சுமி வந்து பார்த்தாள்.

“யாரு கட்டுனது இத?”

“நாந்தான்க்கா. நாந்தான் தச்சேன்.”

“படுத்திருக்கிற ஆளுக்கு அளவெடுத்தியாக்கும். உக்காந்தா வயிறு ரெண்டு மூணு இஞ்ச் கூடுமே, அது ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். உட்கார்ந்தால் கூடுதல் துணி வேண்டும் என்று அந்த டயப்பரை அளந்தபோது எரிச்சல்பட்டவளே அவள்தான். தாயத்தும் தெரியும். அவள் புருசன் இடுப்பிலும் ஒன்று கிடக்கிறது, தினமும் பார்க்கிறாள். எல்லா ஆம்பிளைகளின் இடுப்பிலும் கிடக்கிற சாமான் என்பதாலேயே அது அவள் நினைப்பில் வரவே இல்லை.

“சுகர் ஒடம்பு வேற” என்றாள் சுபலட்சுமி. “கயித்த அறுத்து, தாயத்த எடுத்துட்டுத்தான் தொடைக்கவே முடியும். தொடச்சுக் கட்டிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். கத்தரி எடு.”

துணி வெட்டுகிற பெரிய கத்தரியை வேண்டாம் என்று வைத்துவிட்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவளுக்குக் கட்டிலருகே கை நின்றுவிட்டது. தொட்டிலில் கிடக்கும்போது கட்டுகிற கயிறு. நைந்துபோனால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள். வெறும் இடுப்பாக ஒரு கணம்கூட ஆம்பிளை இருப்பதில்லை. மாற்றுக் கயிறு கட்டாமல் அறுப்பது ஒரே ஒருமுறைதான், செத்த பிறகு. அதை அறுக்கும்போது அவனுக்குத் தெரியாது.

“என்னட்டி யோசிக்க? எனக்கும் தெரியும், நானும் இந்த ஊருக்காரிதான்” என்றாள் சுபலட்சுமி.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. முத்துமாரியம்மாள் நனைந்த சேலையோடு முற்றத்தில் நின்றாள். ஜன்னல் வழியாக விசயத்தைச் சொன்னதும் போட்டாளே ஒரு சத்தம்.

“தொடாதட்டி! இப்பந்தான் எங்க அண்ணனுக்கு அறுத்தாவ. இந்தக் கண்ணால பாத்துட்டு வாரேன். அந்த ஈரங்கூடக் காயல. உசுரோட கெடக்கிற மனுசனுக்கா அறுக்கப் போறிய?”

“நான் புதுக் கயிறு வாங்கிட்டு வாரேன். அதக் கட்டிட்டு அறுப்போம்” என்று இசக்கிராஜா கிளம்பினான்.

“புண்ணு மேல எந்தக் கயிறும் ஏறக்கூடாது அண்ணாச்சி” என்றாள் சுபலட்சுமி உள்ளேயிருந்து. “வேணும்னா அம்மா வந்து பாக்கட்டும்.”

முத்துமாரியம்மாள் ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் தீட்டையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. சேலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட விறுவிறுவென்று உள்ளே வந்தாள். புரைக்கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கம்போலக் கையை நீட்டித் தடவினாள். விரல் தாயத்தில் பட்டது. அதன் ஓரத்தில் இறங்கியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“இது நெதம் கையில தட்டுச்சே” என்றாள். “தட்டுச்சே லதா. பெல்ட்டுக்கு மேல மேடா இருந்துச்சு. தாயத்துன்னுல்லா நெனச்சேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல், “அறுத்திரு” என்றாள்.

பிரேமலதாதான் அறுத்தாள். கயிறு லேசாகத்தான் அறுந்தது. சுபலட்சுமி தாயத்தை இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தாள். இசக்கிராஜா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னான்.

“விழுந்த ஒடம்புதான. நல்லவேளை, அய்யாவுக்கு வலி தெரிஞ்சிருக்காது.”

அந்தச் சொல் பிரேமலதாவுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். சுபலட்சுமி மருந்து நனைத்த பஞ்சைக் குழிக்குள் விட்டாள். கட்டிலின் கால்மாட்டில் அவருடைய இடக்கால் விரல்கள் ஐந்தும் ஒன்றாகச் சுருண்டன. இடக்கை கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியில் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

சுபலட்சுமி பஞ்சை வெளியே எடுத்தாள். “அண்ணாச்சி, ஒங்க அய்யாவுக்கு எந்தப் பக்கம் விழுந்தது?”

“வலப்பக்கம்” என்றான் இசக்கிராஜா. சொல்லிவிட்டுத்தான் அப்பாவின் இடுப்பைப் பார்த்தான்.

புண் இடப்பக்கம் இருந்தது. நல்ல பக்கம். எறும்பு கடித்தால்கூடத் தெரிகிற பக்கம். பதினோரு நாளும் அது சதையைத் தின்று இறங்க இறங்க அவருக்கு ஒவ்வொரு நொடியும் தெரிந்திருக்கிறது. பிரேமலதா கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு விழுந்தாள்.

“மாமா… வலிச்சுதா?”

கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்து அவளைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை அசைத்தார்.

“வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? என்னய வையக்கூடாதா? இந்தக் கையாலயே பிச்சு எறிஞ்சிருக்கக்கூடாதா?”

சுபலட்சுமி கட்டுப் போட்டு முடித்துவிட்டு, கீழே கிடந்த பஞ்சையும் கயிற்றையும் பழைய துணியையும் ஒரு பையில் அள்ளிப் போட்டாள். பெல்ட்டையும் எடுத்தாள். கட்டிலில் கிடந்தவர் இடக்கையை நீட்டி அதன் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள். அவர் விடவில்லை.

“அத… தூரப் போட்டிராதிய” என்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் குழறினார். “நல்லாத்தான்… தச்சிருக்கு… எம்மருமவ. ஒரு சொட்டு… ஒழுகல.”

சுபலட்சுமி பிரேமலதாவைப் பார்த்தாள்.

“புண்ணு ஆறுனதும்…” என்றார் அவர், மருமகளிடம், “அதையே… கட்டிவிடு தாயி.”